நாலு வகை அரிசி, ஒரே அண்டா

நான் பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவன். அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை என்றுதான் பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டணத்தில் பார்க் டவுன் பக்கம் ஒரு ஓட்டலில் இரண்டு வருஷம் வேலை பார்த்தது நிஜம். அங்கே சரக்கு மாஸ்டராக இருந்தேன் என்று எங்கள் ஊர் அம்பத்தூரில் வந்து அளந்ததுதான் பொய். ஓட்டல் சமையற்கட்டுக்கு அதிகாரி சரக்கு மாஸ்டர். எந்த அண்டாவில் எது எவ்வளவு விழ வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தால்தான் விழும். நான் பின்கட்டில் உட்கார்ந்து இட்லிக்கும் தோசைக்கும் மாவாட்டினவன். குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் இறுகினதுதான் மிச்சம். அடுப்பு எந்தத் திசையில் இருந்தது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அப்பா இறந்துபோய், ஏரிப் பாசனத்தில் இருந்த கொஞ்ச நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பினேன். பட்டணத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து நின்று கேட்டால், மாவாட்டினேன் என்று யாருக்குத்தான் சொல்ல வாய் வரும்? மாஸ்டர் என்றேன். ஒரு வாரத்தில் ஊருக்கே நான் மாஸ்டர் ஜம்புலிங்கம் ஆகிவிட்டேன். பக்கத்துப் பாடி கிராமத்திலிருந்து எல்லம்மாவின் அப்பா மாப்பிள்ளை விசாரிக்க வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஊரே சொல்லிப் பெண்ணைக் கொடுக்க வைத்துவிட்டது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஆபத்து ஒன்றும் வரவில்லை. வீட்டில் ஆம்பிளை கரண்டி பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஊர்க் கல்யாணத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டால், ஓட்டல் பாத்திரம் இல்லாமல் என் கை ஓடாது என்று தப்பித்துக்கொள்வேன். எல்லம்மாவுக்குத்தான் தாங்க முடியாத பெருமை. கிணற்றடியில் யாராவது புருஷனைப் பற்றிப் பேச்செடுத்தால், இவள் மெதுவாக ஓட்டலைக் கொண்டுவந்து நுழைத்துவிடுவாள். அதைக் கேட்கக் கேட்க எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஜப்பான்காரன் வந்தான். வந்தான் என்றால் வரவில்லை, வரப்போகிறான் என்றார்கள். ரங்கூன் அவன் கைக்குப் போய், பர்மா அரிசி நின்று போயிருந்தது. பங்குனிக் கடைசியில் விசாகப்பட்டணத்தில் குண்டு விழுந்தது. அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொன்னதும், பட்டணத்தில் ஒருத்தருக்கும் தான் அவசியம் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. திருவள்ளூர் ரோடு முழுக்க ஜனம். ரயிலில் தொற்றிக்கொண்டவர்கள் போக மிச்சம் பேருக்குக் கட்டை வண்டி, ஜட்கா, கைவண்டி, அதுவும் இல்லாவிட்டால் கால். தலையில் படுக்கை, இடுப்பில் குழந்தை. ஒருத்தர் வேறு எதுவுமே எடுக்காமல் கிளிக்கூண்டை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். காலையில் கிளம்பினவர்கள் அம்பத்தூர் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, கையில் கட்டிக்கொண்டு வந்ததும் தீர்ந்துபோயிருக்கும்.

முதல் இரண்டு நாள் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். மூன்றாம் நாள் ஞானகுமாரி டீச்சர் வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் பிடித்துவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அவர். குடையும் கையுமாக ஒரு வாசலில் வந்து நின்றால், கேட்டதைக் கொடுக்காமல் அந்த வீட்டில் யாரும் தப்பியதில்லை. ரோட்டோரம் விழுந்து கிடந்த பிஞ்சு மாங்காயை ஒரு குழந்தை மண்ணோடு கடித்ததை அவர் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடம் லீவு, மரத்தடி காலியாக இருக்கிறது, நாளைக்கு மத்தியானத்திலிருந்து போகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு என்று சொல்லிவிட்டார். யார் கொடுப்பது என்று ஒருவன் கேட்டான். நீதான் என்றார்.

டீச்சர் போகிற கிறிஸ்தவக் கோயிலில் வழக்கம் ஒன்று உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதைக் கொண்டுபோவார்கள். அங்கே எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பீப்பாயில் விழும், யாராவது அதை ஏலத்தில் எடுத்துக்கொள்வார்கள். டீச்சர் அதே பிடியரிசியை ஊர் முழுக்கக் கேட்டு வசூலித்தார். மாரியாத்தாளைக் கும்பிடுகிற வீட்டிலும் ஒரு பிடி, ஏசுவைக் கும்பிடுகிற வீட்டிலும் ஒரு பிடி. ஒரு பிடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் அந்த வழக்கத்தின் சாமர்த்தியம். பலர் மூன்று பிடி போட்டார்கள்.

அம்மன் கோயில் தர்மகர்த்தா திருவேங்கடம் தன் தோட்டத்துப் பரங்கிக்காயை வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஆடி மாசம் கூழ் வார்க்கிற பெரிய அண்டாவையும் கூடவே அனுப்பினார். அம்மன் அண்டா மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பசிக்கிறவனுக்குச் சோறு போடாதே என்று அம்மன் உன் கனவில் வந்து சொன்னாளா என்று திருவேங்கடம் கேட்டார். சொல்லவில்லை என்று தெரிந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

எல்லாம் சேர்ந்தது. சமைப்பது யார் என்று டீச்சர் கேட்டார். நான் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து எல்லம்மாவின் குரல் கேட்டது.

"எங்கூட்டுக்காரரு இருக்கும்போது வேற ஆளு எதுக்கும்மா? பட்டணத்துல ரெண்டு வருசம் மாஸ்டரா இருந்தவரு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எல்லம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

அன்று ராத்திரி படுத்தவன், சோறு என்பது அரிசியும் தண்ணீரும் நெருப்பும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நடையில் கொஞ்சம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் பரங்கிக்காயும் கத்திரிக்காயும் அரிந்துகொண்டிருந்தார்கள். ஏரியிலிருந்து தாமரை இலை கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தது. மூன்று பெரிய கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றி உலை வைத்தாயிற்று. பக்கத்து அடுப்பில் பருப்பும் ஏறியிருந்தது.

டீச்சர் பிடியரிசி மூட்டையை அவிழ்த்தார். அதில் புழுங்கலரிசி இருந்தது, பச்சரிசி இருந்தது, சிவப்பரிசி இருந்தது, யாரோ கடைசியாகப் பதுக்கி வைத்திருந்த பர்மா அரிசியும் இருந்தது. இன்னொரு மூட்டையிலும் அதே கதை.

"மாஸ்டர், எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுடலாமா?" என்று டீச்சர் மரியாதையாகக் கேட்டார்.

ஏலத்தில் போகிற அரிசி எப்படிக் கலந்திருந்தாலும் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. உலையில் போகிற அரிசி அப்படி இல்லை என்று சமைக்கத் தெரிந்த எவனுக்கும் தெரிந்திருக்கும். மாவாட்டினவனுக்கு அரிசி என்றால் அரிசி. கலந்து போட்டால்தான் ருசி என்று நான் கணீரென்று சொன்னேன். எல்லம்மா என் காதருகே வந்து, பச்சரிசி முன்னாடியே வெந்துடுமே என்றாள். ஓட்டலில் இப்படித்தான் என்றேன். அவள் உடனே வாயை மூடிக்கொண்டு, மூட்டையின் மறுமுனையைப் பிடித்துச் சரித்துவிட்டாள்.

அரை மணி நேரத்துக்கு நான்தான் அம்பத்தூருக்கே ராஜா. விறகைத் தள்ளு என்றேன், தள்ளினார்கள். தண்ணீர் கொண்டா என்றேன், கொண்டுவந்தார்கள். அப்புறம் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். பச்சரிசி கரைந்து பசையாகியிருந்தது. பர்மா அரிசி அதிலே ஒட்டிக்கொண்டு பாதி உடைந்திருந்தது. புழுங்கலரிசியைப் பல்லில் வைத்தால் நடுவில் கடுக்கென்றது. சிவப்பரிசி மூட்டையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. அடியிலிருந்து தீய்கிற வாசனை லேசாக மேலே வந்தது.

அதற்குள் மரத்தடியில் இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். தாமரை இலையைப் போட்டு அதில் தண்ணீரும் தெளித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. எல்லம்மா அண்டாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மாஸ்டர் அடுத்து ஏதோ பெரிய வித்தை காட்டப்போகிறார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.  இருநூறு பேர் பசியைவிட, வெட்கக்கேடு, அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ரோட்டிலிருந்து ஒரு கைவண்டி உள்ளே வந்தது. மேலே பாத்திரமும் பாயும், அதன்மேல் இரண்டு குழந்தைகள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை தள்ள, முன்னால் இழுத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் நான் பரங்கிக்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்திவிட்டேன். அது நாகேந்திரன். எங்கள் ஓட்டலின் அசல் சரக்கு மாஸ்டர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தைகளை இறக்கி, சம்சாரத்தோடு வரிசைக் கடைசியில் உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஓட்டலில் தரையில் ஈரம் இருந்தாலே சத்தம் போடுகிற மனுஷன் அவர். முதலாளி ஓட்டலைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம், அதையெல்லாம் அப்புறம்தான் சொன்னார்.

நான் குவியலைச் சுற்றிக்கொண்டு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் அவரிடம் போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு, அடே மாவு, நீயா என்று சிரித்தார். ஓட்டலில் எனக்கு அதுதான் பெயர். நான் குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னேன். நாலு வகை அரிசி, ஒரே அண்டா, என்ன செய்யலாம் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள், நான் போய்ச் செய்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"அண்டாவப் பாக்காம இன்னாத்தடா சொல்றது?" என்று அவர் எழுந்துவிட்டார். கொப்புளக் காலோடு நேரே அடுப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன்.

டீச்சர் இது யார் என்று கேட்டார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எல்லம்மா கரண்டியோடு நின்றாள். ஓட்டலில் என் கையாள் என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நடந்திருக்கும். நாகேந்திரன் மறுத்திருக்க மாட்டார், அந்தப் பசியில் யார் எது சொன்னால் அவருக்கென்ன. ஆனால் அவர் குழந்தைகள் இரண்டும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்த மனுஷனை என் கையாள் என்று சொல்லி அண்டாவுக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

"இவர்தான் அந்த ஓட்டல் மாஸ்டர்" என்றேன். "நான் பின்னாடி குந்திகினு மாவாட்டினவன். எனக்குச் சமைக்கவே தெரியாது."

 திருவேங்கடம் வாய்விட்டுச் சிரித்தார். அவரைப் பார்த்து ஊரே சிரித்தது. ஞானகுமாரி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு, கை கழுவிக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்று நாகேந்திரனிடம் நீட்டினார். எல்லம்மா கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் காய் அரிகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

நாகேந்திரன் அண்டாவை எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். அடியைத் தொடாதீர்கள், மேலாக மட்டும் அகப்பையை விடுங்கள் என்றார். விறகை வெளியே இழுக்கச் சொல்லி, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே இதில் கொட்டினார். பரங்கி, கத்திரி, முருங்கை எல்லாம் விழுந்தன. புளி கொஞ்சம்தான் இருந்தது, அதனால் மாங்காயைத் துருவிப் போடச் சொன்னார். வெந்நீர் விட்டு, தட்டைப் போட்டு மூடி, தட்டின்மேல் தணலை அள்ளிப் பரப்பினார். வேகாத அரிசி மேலும் கீழும் சூடேறி வெந்துவிடும், குழைந்த அரிசி பருப்போடு சேர்ந்துவிடும், அப்புறம் எது எந்த அரிசி என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது என்றார். கடைசியில் திறந்தபோது வந்த வாசனைக்கு அழுத குழந்தைகள் வாயை மூடின.

பரிமாறும்போது தலைப்பாகை கட்டிய ஒருவர், இது எந்த ஜாதிக்காரர் கைச் சமையல் என்று விசாரித்தார். அரிசி முந்நூறு வீட்டுப் பிடி, யார் யார் என்று சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார் டீச்சர். தலைப்பாகைக்காரர் யோசித்துக்கொண்டு நின்றார். அவருடைய சம்சாரம் அதற்குள் உட்கார்ந்து இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

ஊரில் என் மானம் போனது அவ்வளவு பெரிய காரியமாக இல்லை. சாயங்காலத்துக்குள் எனக்கு மாவு மாஸ்டர் என்று பட்டம் கிடைத்துவிட்டது, நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்குப் போனேன். எல்லம்மா பள்ளிக்கூடத்துச் சோற்றில் மிஞ்சினதைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு பேச்சுக்குச் சொன்ன பொய் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"பதினோரு வருசமா உன் எதுர்ல தட்டு வெக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும்யா" என்றாள். குரல் உயரவே இல்லை. "பெரிய மாஸ்டர் நாக்கு, இன்னா சொல்லுமோன்னு. உப்பு தூக்கலா கீதும்ப, கொத்தமல்லி பத்தலம்ப. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காது. எங்கம்மா ஊட்டுக்குப் போனாத்தான் பயமில்லாம ஆக்குவேன். அதெல்லாம் இன்னா தெரிஞ்சு சொன்னே?"

கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஏதாவது குறை சொன்னால்தான் மாஸ்டர் மாதிரி இருக்கும் என்று சொன்னேன், அவ்வளவுதான். அவள் வைத்த குழம்பு ஒவ்வொரு நாளும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாள்கூட அதைச் சொன்னதில்லை. ஊர் சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியாமத்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் எழுந்தாள். ஆறிப்போகுது, தின்னு என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் மாட்டைக் கட்டப் போனாள்.

மறுநாள் காலையில் நாகேந்திரன் கிளம்பினார். திருவள்ளூரில் அவர் மைத்துனன் இருந்தான். கொப்புளத்துக்கு டீச்சர் மருந்து வைத்துக் கட்டியிருந்தார், திருவேங்கடம் ரெட்டை மாட்டு வண்டி கொடுத்தார். வண்டி ஏறும்போது, இன்றைக்குச் சமையல் யார், நீயா மாவு என்று கேட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். ரோட்டில் ஜனம் நேற்றைவிட அதிகம். மரத்தடியில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு யார் என்று டீச்சர் ஊரைப் பார்த்துக் கேட்டார். 

எல்லம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பிடியரிசி வாங்கப் போகிறவர்களிடம் நாலு சாக்கு கொடுத்து, ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு சாக்கு, கலந்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள். டீச்சரே சரி என்று தலையாட்டினார். உலையில் சிவப்பரிசியை முதலில் போட்டாள், அதற்கப்புறம் புழுங்கலரிசி, கடைசியில் பர்மா அரிசி. பச்சரிசியைத் தனியாக எடுத்து, குழந்தைகளுக்குக் கஞ்சி என்று ஒதுக்கிவைத்தாள். உப்பைக் கையால் அள்ளிப் போட்டாள். எவ்வளவு என்று அளந்து பார்க்கவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. எனக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை கொடுத்தாள். ஏரிக்கும் அடுப்புக்குமாகப் பதினெட்டு நடை நடந்தேன். அதில் இரண்டு நடைக்கு, யோவ், நடந்து வா, ஆடிகினு வராதே என்று அதட்டலும் வாங்கினேன். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

குழம்பு கொதித்து வந்தது. கரண்டியில் கொஞ்சம் மொண்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பழக்க தோஷம், மோவாயைத் தூக்கிக்கொண்டு, அபிப்பிராயம் சொல்கிற முகத்தை என்னை அறியாமலே வைத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை வாயில் வைத்து உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். கை நடுங்கவில்லை.

"எறக்கு" என்றாள்.

துணியைக் கையில் சுற்றிக்கொண்டு குழம்புப் பாத்திரத்தை இறக்கினேன்.